இரத்தக் கொழுப்பும் உழைக்கும் ஆடவரும்

  

தேகாரோக்கியம் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். அது பரந்த கடல். அக்கடலிலே ஒரு கை நீரை மட்டும் அள்ளி உங்கள் முன் வைக்க எண்ணுகின்றோம். நோய் நொடியின்றி நாள் தவறாது வேலைக்குச் சென்று வரும் ஆண்மகனுடைய இரத்தத்திலே கொலஸ்திரோல் என்னும் கொழுப்புப் பொருள் ஆண்டுகள் செல்லச் செல்ல எவ்வாறு மாறுகின்றது, அம்மாற்றத்துக்கும் அவன் வாழும் முறைக்கும் உள்ள தொடர்பு யாது என்பதே நாம் ஆராயப் புகும் விடயம். நாம் வைத்தியர் அல்லோம். விஞ்ஞானம் பயிலும் மாணவர். அறிஞர் பலர் பல்லாண்டு உழைத்துக் கண்ட உண்மைகளைத் தொகுத்துச் சொல்வதே எமது பணி.

கொலஸ்திரோல் என்பது ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் கவலை, அவர்களுடைய மருந்துப் பெட்டியின் சங்கதி என்று இளைஞர் எண்ணுவது வழக்கம். இனி என்ன செய்தாலும் பயனில்லை, அது வயதின் விதி என்று முதியோர் எண்ணுவதும் வழக்கம். இவ்விரு எண்ணங்களும் உண்மைக்கு மாறானவை. ஐம்பதிலே மனிதனை வீழ்த்தும் நோய் இருபதிலேயே தன் கணக்கைத் திறந்து விடுகின்றது. எனினும் அக்கணக்கு எந்த வயதிலும் திருத்தத் தக்கது. இதுவே இவ்வுரையின் சாரம்.

முதலிலே, கொலஸ்திரோல் யாது? பித்தப்பையிலே உண்டாகும் கற்களிலிருந்து மெழுகு போன்ற ஒரு பொருளை 18ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய அறிஞர் பிரித்தெடுத்தனர். பித்தம், திண்மம் என்னும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கையே அதன் பெயராயிற்று. அது நஞ்சன்று. உடலின் ஒவ்வோர் உயிரணுவின் சுவருக்கும் அது வேண்டும். ஆண்மை, பெண்மைக்குரிய சுரப்புகளும், உணவைச் சமிக்கச் செய்யும் பித்தமும் அதிலிருந்தே ஆக்கப்படுகின்றன. உணவிலிருந்து நாம் பெறுவதைக் காட்டிலும் உடல் தானே ஆக்கிக்கொள்வது அதிகம். அவ்வாக்கத்திலே ஈரலுக்குப் பெரும் பங்குண்டு.

எண்ணெயும் நீரும் கலவா என்பது யாவரும் அறிந்ததே. கொழுப்பு இரத்தத்திலே தனித்துச் செல்ல இயலாது. புரதத்தாலான சுமைகாரரின் தோளிலே ஏறித்தான் செல்லவேண்டும். அச்சுமைகாரருள் இருவரை நாம் அறிந்திருத்தல் நலம். எல்.டி.எல். என்பது உடலெங்கும் கொலஸ்திரோலைக் கொண்டு செல்வது. எச்.டி.எல். என்பது மிகுந்ததை மீண்டும் ஈரலுக்குக் கொண்டு வருவது. எல்.டி.எல். அளவுக்கு மிஞ்சினால், இருதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் நாடிகளின் சுவருக்குள் அது புகுந்து தங்குகின்றது. ஆண்டுக்கணக்கிலே அவ்விடம் தடிக்கின்றது. ஒரு நாள் அத்தடிப்பு வெடித்து, அதன் மேல் இரத்தம் உறைந்து வழியை அடைக்கும்போது, அதனை மாரடைப்பு என்கின்றோம்.

எல்.டி.எல். ஏன் மிஞ்சுகின்றது? அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்திலே பிரவுண், கோல்ட்ஸ்ரைன் என்னும் இரு வைத்திய அறிஞர் இவ்வினாவுக்கு விடை கண்டு 1985ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். உயிரணுக்களின் மேற்பரப்பிலே, சிறப்பாக ஈரலிலே, எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் வாயில்கள் உள்ளன. அவை நிறையத் திறந்திருந்தால் இரத்தம் தெளிகின்றது. குறைந்தால் கொழுப்பு தெருவிலே நிற்கும் வண்டிகளைப் போல இரத்தத்திலே தேங்குகின்றது. வெண்ணெய், கொழுத்த இறைச்சி முதலியவற்றிலுள்ள நிரம்பிய கொழுப்பு அவ்வாயில்களைக் குறைக்கின்றது. பருப்பு, காய்கறி, தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றின் நார்ப்பொருள் குடலிலே பித்தத்தைப் பற்றி வெளியேற்றுகின்றது. இழந்த பித்தத்தை மீண்டும் ஆக்குவதற்காக ஈரல் தன் வாயில்களைத் திறந்து இரத்தத்திலிருந்து கொலஸ்திரோலை எடுத்துக்கொள்கின்றது. கறிச்சட்டியிலே நாம் எடுக்கும் முடிவு ஈரலின் வாயிலிலே நிறைவேறுகின்றது எனலாம்.

இவையனைத்தும் நிகழும்போது மனிதனுக்கு நோவில்லை, காய்ச்சல் இல்லை, பசி குறைவதில்லை. ஆதலால் நோயாளரை மட்டும் பார்த்து இந்நோயின் வரலாற்றை அறிதல் இயலாதென ஆராய்ச்சியாளர் உணர்ந்தனர். நலமுள்ள மனிதரைத் தெரிந்தெடுத்து, அவர்களை ஆண்டாண்டாகத் தொடர்ந்து சோதிக்கும் புதிய முறை இதிலிருந்தே பிறந்தது. 1947ஆம் ஆண்டு தொடங்கி அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலே அன்சல் கீஸ் என்னும் அறிஞர், நடுவயதினரான வியாபாரிகளும் உத்தியோகத்தருமாகிய 281 ஆடவரை இவ்வாறு சோதித்து வந்தார். 1948ஆம் ஆண்டிலே பிரமிங்காம் என்னும் சிறு நகரத்திலே 5,209 ஆண்களும் பெண்களும் இத்தகைய ஆராய்ச்சிக்கு உட்பட்டனர். உயர்ந்த கொலஸ்திரோலும் உயர்ந்த இரத்த அழுத்தமும் மாரடைப்புக்கு முன்னோடிகள் என்பதை 1961ஆம் ஆண்டு அவ்வாராய்ச்சி உலகுக்கு அறிவித்தது. சிக்காகோவுக்கு அருகேயிருந்த தொலைபேசிக் கருவித் தொழிற்சாலை ஒன்றின் நடுவயது ஆடவரை 1957ஆம் ஆண்டிலிருந்து பின்தொடர்ந்தனர். அவர்களுள் 1,900 பேரின் வரலாறு 1981ஆம் ஆண்டு வெளியாயிற்று. உண்ட உணவின் தன்மை இரத்தத்தின் கொலஸ்திரோல் அளவோடும், ஏறக்குறைய இருபது ஆண்டுகளுள் நிகழ்ந்த இருதய நோய் மரணங்களோடும் தொடர்புடையதென அது காட்டிற்று.

இளைஞர்களே, இதுவரை கூறியவை நடுவயதினரின் கதை. இனி எமது வயதினரின் கதையைக் கேளுங்கள்.

கொரியப் போரிலே மாண்ட அமெரிக்கப் போர்வீரர் 300 பேரின் இருதயங்களை வைத்தியர் அறுத்துப் பார்த்தனர். அவர்களின் சராசரி வயது 22. பயிற்சியால் உறுதி பெற்ற உடல்கள், நோயால் இறந்தவர் அல்லர், குண்டுக்கு இரையானவர். எனினும் நூற்றுக்கு 77 பேரின் இருதய நாடிகளிலே நோயின் தொடக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. சிலரிடத்தே அது வெறுங் கீற்று. சிலரிடத்தே நாடி பெரும்பாலும் அடைபட்டிருந்தது. 1953ஆம் ஆண்டு இச்செய்தி வெளிவந்தபோது வைத்திய உலகம் திடுக்குற்றது.

மற்றொன்று பல்ரிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியக் கல்லூரியின் கதை. 1948 முதல் 1964 வரை அங்கு பயின்ற 1,017 இளைஞரின் இரத்தத்திலே கொலஸ்திரோலை அளந்து குறித்து வைத்தனர். அவர்களின் சராசரி வயதும் 22. பின்னர் 27 முதல் 42 ஆண்டு வரை அவர்களைப் பின்தொடர்ந்து, முடிவை 1993ஆம் ஆண்டு வெளியிட்டனர். 100 மில்லிலீற்றருக்கு 36 மில்லிகிராம் கூடுதலான கொலஸ்திரோல் மாணவப் பருவத்திலே இருந்தவர்களுக்குப் பிற்காலத்திலே இருதய, நாடி நோய்கள் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 1.7 மடங்காக இருந்தது. அவர்கள் அனைவரும் வைத்தியராகப் பயின்றவர்கள் என்பதையும் மறவற்க. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று எம் முன்னோர் கேட்டனர். இருபதில் ஏறியது ஐம்பதில் என்ன செய்யும் என்பதற்கு இவ்வாராய்ச்சி விடை தருகின்றது.

இனி, பெரியோரின் ஐயத்துக்கு வருவோம். வயது ஏறக் கொலஸ்திரோலும் ஏறுவது இயற்கை அன்றோ? மேனாட்டு ஆடவரை நோக்கினால் அவ்வாறே தோன்றும். இருபதுகளிலிருந்து ஏறத்தாழ ஐம்பது வரை அளவு ஏறிச்சென்று, பின்னரே நிலைபெறுகின்றது. ஆனால் 1950களின் தொடக்கத்திலே கீஸ் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்குச் சென்று, அங்கு தீயணைப்பு வேலை முதலான தொழில்களைச் செய்த நலமுள்ள ஆடவரைச் சோதித்தார். இளமையிலே அவர்களுக்கும் மினசோட்டா ஆடவருக்கும் பெரிய வேறுபாடில்லை. முப்பதுக்குப் பின்னரோ மினசோட்டாக்காரரின் அளவு தொடர்ந்து ஏற, நேப்பிள்ஸ் தொழிலாளரின் அளவு அவ்வாறு ஏறவில்லை. அதே நேப்பிள்ஸ் நகரிலே கொழுப்பு மிகுந்த உணவு உண்ட செல்வந்தரின் அளவோ தொழிலாளரினதைக் காட்டிலும் உயர்ந்திருந்தது. வயது ஒன்றே காரணமாயின், தொழிலாளிக்கும் செல்வந்தனுக்கும் வயது ஒரே வேகத்திலேதானே செல்கின்றது!

இதனையே பெரிய அளவிலே ஆராய 1958ஆம் ஆண்டு ஏழு நாட்டு ஆராய்ச்சி தொடங்கிற்று. 40 முதல் 59 வயது வரையுள்ள 12,763 ஆடவர் அதிலே சேர்க்கப்பட்டனர். யப்பானிய உழவரிடையேயும் மீனவரிடையேயும் கொலஸ்திரோல் ஏறக்குறைய 160 மில்லிகிராம். கிழக்குப் பின்லாந்திலே ஏறக்குறைய 260. இது இனத்தின் வேறுபாடாக இருக்கலாம் என்று சிலர் வாதாடினர். யப்பானிலேயே தங்கிய யப்பானியரையும், ஹவாய்த் தீவிலே குடியேறியவரையும், கலிபோர்ணியாவிலே குடியேறியவரையும் 1965ஆம் ஆண்டு தொடங்கிய மற்றோர் ஆராய்ச்சி ஒப்பிட்டது. குருதி ஒன்று, குலம் ஒன்று. ஆயினும் யப்பானிலே குறைவாயிருந்த அளவு ஹவாயிலே கூடி, கலிபோர்ணியாவிலே இன்னும் கூடியிருந்தது. கடல் கடந்தபோது அவர்களின் மரபு மாறவில்லை, வாழ்க்கை மாறிற்று.

இங்கே ஒரு கேள்வி எழும். உடலை வருத்தி உழைப்பவனுக்கு இந்நோய் வருமா? உழைப்பு காக்கும் என்பதற்கு இலண்டன் மாநகர் சான்று தருகின்றது. இரட்டைத் தட்டு பஸ்களிலே ஒரே நிறுவனத்தின் கீழ் இரு வகைத் தொழிலாளர் வேலை செய்தனர். சாரதி நாள் முழுவதும் இருக்கையிலே இருப்பவர். நடத்துநர் நாள் முழுவதும் மேல் தட்டுக்கு ஏறி இறங்குபவர். ஜெரி மொறிஸ் என்னும் அறிஞரும் அவருடைய துணைவரும் 1953ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, நடத்துநர்களுக்கு இருதய நோய் குறைவாகவும், வந்தபோதும் கடுமை குறைந்ததாகவும் இருந்தது. சாரதிகளின் இரத்தக் கொழுப்பு கூடுதலாயிருந்ததையும் பின்னர்க் கண்டனர். நேர்மையான ஆராய்ச்சியாளராகிய மொறிஸ் அதோடு நின்றுவிடவில்லை. தொழிலாளருக்கு வழங்கிய சீருடைகளின் அளவுப் பதிவை எடுத்துப் பார்த்து, சாரதிகளின் இடுப்பு வேலையிற் சேரும்போதே சற்றுப் பருத்திருந்ததென்பதையும் 1956ஆம் ஆண்டு வெளிப்படுத்தினார். ஆகவே படிக்கட்டுக்கே முழுப் பெருமையையும் கொடுத்துவிடலாகாது. ஆயினும் உடலுழைப்பு நன்மை செய்வதென்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் பலவும் உறுதிப்படுத்தின.

உணவு மாறாமலே கொலஸ்திரோல் மாறுவதும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ நகரிலே பிரீட்மன், றோசன்மன் என்னும் இரு வைத்தியர் 40 கணக்காளரை 1957ஆம் ஆண்டின் முற்பாதியிலே மாதமிரு முறை சோதித்தனர். அமெரிக்காவிலே ஏப்ரல் 15 வருமான வரிக் கணக்குக் கொடுக்க வேண்டிய கடைசி நாள். அந்நாள் நெருங்க நெருங்கக் கணக்காளரின் கொலஸ்திரோல் ஏறிற்று. வேலை நெருக்கடி தணிந்ததும் இறங்கிற்று. அவர்களின் உணவிலோ உடல் நிறையிலோ அதற்கேற்ற மாற்றம் காணப்படவில்லை. கந்தோரிலே இருந்து வேலை செய்வோரும், பரீட்சைக்கு இரவு பகலாக விழித்திருப்போரும் இதனைச் சிந்திப்பார்களாக.

உழைப்பு நன்மை செய்யும் என்றோம். ஆனால் உழைப்பு மட்டும் போதுமா? போதாது என்பதற்குக் கிழக்குப் பின்லாந்தே சான்று. அங்கே வட கரேலியா என்பது காடும் ஏரியும் நிறைந்த எல்லைப்புற மாகாணம். மக்கள் தொகை ஏறக்குறைய 1,80,000. ஆடவர் மரம் தறிப்போரும் பாற்பண்ணை வைத்திருப்போருமாகிய உடலுறுதி படைத்த உழைப்பாளிகள். ஆயினும் 1960களிலே இருதய நோயால் இளவயதிலே மாளும் ஆடவரின் தொகையில் உலகிலேயே முன்னணியில் நின்றது அப்பகுதி. காரணம் தேடியோர் அவர்களின் உணவு மேசையைப் பார்த்தனர். பாணின் மேல் தடித்த வெண்ணெய், கொழுப்பு நீக்காத பால், கொழுத்த இறைச்சி, மிகுந்த உப்பு. காய்கறியோ கால்நடைக்குரிய தீனியெனக் கருதப்பட்டது. அதனோடு ஆடவருள் பாதிப்பேர் புகைப்பவர்கள். கோடரி பிடித்த கையின் வலிமை நாடிக்குள் படியும் கொழுப்பைத் தடுத்து நிறுத்தவில்லை.

விதவைகளும் தந்தையை இழந்த பிள்ளைகளும் பெருகக் கண்ட அம்மாகாண மக்கள் கண்ணீரோடு நின்றுவிடவில்லை. 1971ஆம் ஆண்டு அவர்களுடைய பிரதிநிதிகள் கையொப்பமிட்ட மனுவொன்று, எமக்கு உதவி வேண்டும் எனக் கேட்டு அரசாங்கத்துக்குச் சென்றது. 1972ஆம் ஆண்டு பணி தொடங்கிற்று. அதன் தலைமையை ஏற்ற பெக்கா புஸ்கா என்னும் வைத்தியர் அப்போது முப்பது வயதும் நிரம்பாதவர். இளைஞர்களே, இதனைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் செய்தது என்ன? வைத்தியசாலையிலே காத்திருந்து நோயாளருக்கு அறிவுரை கூறுவதோடு அவர்கள் அமையவில்லை. ஊருக்குள் இறங்கினர். ஊராரின் மதிப்பைப் பெற்ற சாதாரண மனிதரைத் தெரிந்தெடுத்துப் பயிற்றி, அவர்கள் மூலமாகச் செய்தியைப் பரப்பினர். பின்லாந்திலே மார்த்தா சங்கம் என ஒரு மாதர் சங்கம் 1899ஆம் ஆண்டு முதல் உண்டு; விவிலியத்திலே வீட்டுப் பணியிலே ஓயாது ஈடுபட்ட மார்த்தாளின் பெயரையே அது தாங்கியுள்ளது. அச்சங்கத்தின் மாதர் கிராமந்தோறும் விருந்து கூட்டி, பழைய கறியையே கொழுப்பைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டிச் சமைத்துப் பரிமாறினர். நாவிலே சுவை பட்ட பின்னரே காதிலே உபதேசம் ஏறிற்று. கிராமங்களுக்கிடையே கொலஸ்திரோலைக் குறைக்கும் போட்டிகளும் பிற்காலத்திலே நடைபெற்றன.

எதிர்ப்பு இல்லாமற் போகவில்லை. வெண்ணெயை விட்டால் பாற்பண்ணைக்காரன் எவ்வாறு பிழைப்பான்? நியாயமான கேள்வி. அந்நாட்டின் குளிரிலே விளையும் சிறு கனிகளைப் பயிரிட உழவருக்கு ஊக்கமளித்தனர். குளிரைத் தாங்கும் கடுகினப் பயிரொன்றை வளர்த்து அதன் எண்ணெயை வழக்கத்துக்குக் கொண்டு வந்தனர். கோப்பியிலும் மாற்றம் நேர்ந்தது. தூளைக் கொதிக்க வைத்து அப்படியே வார்க்கும் கோப்பியிலே கொலஸ்திரோலை ஏற்றும் பொருளொன்று உண்டு. வடிகடதாசி அதனைத் தடுத்துவிடும். மக்கள் மெல்ல மெல்ல வடித்த கோப்பிக்கு மாறினர்.

பயன் யாது? 1972ஆம் ஆண்டு வட கரேலியாவின் பத்துப் பேரிலே ஒன்பது பேர் பாணுக்கு வெண்ணெய் பூசினர். இன்று அவ்வழக்கம் மிக அருகிவிட்டது. நடுவயது ஆடவரின் சராசரிக் கொலஸ்திரோல் ஏறக்குறைய 270 மில்லிகிராமிலிருந்து 2007ஆம் ஆண்டளவிலே ஏறக்குறைய 210 மில்லிகிராமாக இறங்கிற்று. உழைக்கும் வயது ஆடவரிடையே இருதய நோய் மரணம் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் வீழ்ந்தது. கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின் என்னும் மருந்துகள் விற்பனைக்கு வந்தது 1987ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன்னரே இவ்விறக்கம் தொடங்கிவிட்டது. ஓர் ஊரின் வழக்கம் மாறியபோது ஓர் ஊரின் இரத்தமே மாறிற்று.

இதைக் கூறுவதால் மருந்தை இகழ்கின்றோம் என எவரும் கொள்ளலாகாது. 1994ஆம் ஆண்டு வெளியான ஸ்கந்திநாவிய ஆராய்ச்சியிலே, இருதய நோயுள்ள 4,444 பேருள் ஸ்ரற்றின் உண்டோரின் மரணம் நூற்றுக்கு முப்பது பங்கு குறைந்தது. சில குடும்பங்களிலே ஈரலின் வாயில்கள் பிறவியிலேயே பழுதுற்றிருக்கும். அவர்கள் எவ்வளவு மெலிந்திருந்தாலும், எவ்வளவு பத்தியமாக உண்டாலும் கொலஸ்திரோல் உயர்ந்தே நிற்கும். இத்தகையோர் ஏறக்குறைய 300 பேருக்கு ஒருவர் உளர். தந்தைக்கோ தமையனுக்கோ இளவயதிலே மாரடைப்பு வந்திருந்தால், ஒல்லியான உடம்பை நம்பியிராமல் இரத்தத்தைச் சோதிப்பித்தல் கடமை. வைத்தியர் கொடுத்த மருந்தை, உடம்பு நன்றாயிருக்கின்றது என்று தாமாக நிறுத்துவது பேதைமை. உடம்பு நன்றாயிருப்பதாகத் தோன்றுவதே இந்நோயின் வஞ்சகம்.

இது பின்லாந்துக்காரரின் கதை. எமக்கென்ன என்று கேட்போர் இருக்கலாம். 52 நாடுகளிலே மாரடைப்பை ஆராய்ந்த பேராராய்ச்சி ஒன்றிலே இலங்கையும் இடம்பெற்றிருந்தது. முதல் மாரடைப்பு வரும் வயது தென்னாசிய நாடுகளிலே நடுநிலையாக 53 என்றும், ஏனைய நாடுகளிலே ஏறக்குறைய 59 என்றும் அதன் பகுதியாக 2007ஆம் ஆண்டு வெளியான கட்டுரை கூறுகின்றது. ஆறு ஆண்டு முந்தி வருகின்றான் எமன். 53 வயது என்றால் என்ன? மூத்த மகள் பல்கலைக்கழகத்திலே. இளைய மகன் பரீட்சைக்கு ஆயத்தமாகின்றான். வீட்டுக் கடன் முடியவில்லை. ஓய்வூதியத்துக்கு இன்னும் ஆண்டுகள் உண்டு. அவ்வயதிலே ஒருவர் சாய்ந்தால் சாய்வது ஒருவர் மட்டுமன்று.

எம் பாட்டன்மார் தேங்காயும் சோறும் உண்டு எண்பது வயது வாழ்ந்தனரே என்று பெரியோர் வினவுவர். அவ்வினாவுக்கு மரியாதையோடு விடை கூறவேண்டும். தேங்காயெண்ணெயின் பெரும்பகுதி, ஏறக்குறைய பத்திலே ஒன்பது பங்கு, நிரம்பிய கொழுப்பு. ஏனைய தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது அது எல்.டி.எல்.லை 100 மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் ஏற்றுகின்றது எனப் பல சோதனைகளைத் தொகுத்து 2020ஆம் ஆண்டு வெளியிட்டனர். மறுபுறத்திலே, பசிபிக் கடலின் தொக்கெலாவு, புக்காப்புக்கா என்னும் சிறு தீவுகளின் மக்கள் தேங்காயையே பேருணவாகக் கொண்டவர்கள். தேங்காயை மிகுதியாக உண்ட தொக்கெலாவு மக்களின் கொலஸ்திரோல் மற்றவரினதைக் காட்டிலும் உயர்ந்திருந்தும், இரு தீவுகளிலும் இருதய நோய் அரிதாகவே இருந்ததென 1981ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி கூறிற்று. ஆனால் அவர்கள் தேங்காயோடு மீனையும் உண்டனர்; சீனியை அதிகம் அறியார்; கடலோடு உழைத்தவர்கள். எம் நிலை யாது? பாட்டனுடைய தேங்காய்ப்பாலை வைத்துக்கொண்டு அவருடைய மண்வெட்டியைக் கைவிட்டுவிட்டோம். அதன் மேல் அவர் காணாத ரோல்ஸையும் கொத்து ரொட்டியையும் இனிப்புச் சோடாவையும் சேர்த்தோம். துவிச்சக்கர வண்டியை விட்டு மோட்டார் சைக்கிளில் ஏறி, எட்டு மணிநேரம் கணனியின் முன் இருந்து, வீடு வந்து மீண்டும் இருக்கின்றோம். தேங்காயை முற்றாக ஒழிக்கும்படி நாம் கூறவில்லை. முதற்பாலைக் குறைத்து, பொரித்ததைக் குறைத்து, பருப்பையும் கீரையையும் கூட்டினால் சமையலின் மணமும் கெடாது, நாடியும் கெடாது.

எமது நாட்டிலே 2011ஆம் ஆண்டு தொடங்கி அரசாங்க வைத்தியசாலைகளோடு சேர்ந்து ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் அமைக்கப்பட்டன. நடுவயதினர் பணம் கொடாமலே அங்கு தம் உடல்நிலையைச் சோதிப்பித்துக் கொள்ளலாம். ஆனால் அங்கு செல்வோருள் பெண்களே பெரும்பான்மையினர், ஆடவர் சிலரே. வேலை நேரத்திலே போக இயலாது என்பது ஒரு காரணம். எனக்கு ஒன்றுமில்லை என்னும் வீறாப்பு மற்றொரு காரணம். முதற் காரணத்துக்கு ஆவன செய்யலாம். இரண்டாவதை நாமேதான் வெல்லவேண்டும்.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களைப் பணிவோடு வைக்கின்றோம்.

முதலாவது, எம் கூட்டங்களிலே தேநீரோடு பரிமாறும் ரோல்ஸ், வடை, கேக் ஆகியவற்றுக்குப் பதிலாக அவித்த கடலையும் பழமும் வைப்போம். இதற்குத் தீர்மானமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். மார்த்தா சங்கத்து மாதர் செய்தது இதுவே. சுவையாகச் செய்தால் ஒருவரும் குறை கூறார்.

இரண்டாவது, ஆண்டுக்கொரு முறை, விடுமுறை நாளொன்றிலே, அப்பகுதிச் சுகாதார உத்தியோகத்தரின் உதவியோடு ஆடவருக்கான சோதனை நாள் ஒன்றை இச்சங்க மண்டபத்திலே நடத்துவோம். ஒவ்வோர் இளைஞனும் தன் தந்தையையோ மாமாவையோ அண்ணனையோ அழைத்து வருவானாக. வந்தவன் தன் விரலையும் நீட்டுவானாக. இச்சங்கத்தின் வரவு செலவை ஆண்டுதோறும் கணக்குப் பரிசோதகர் பார்க்கின்றார். சதக் கணக்கிலே பிழை வந்தாலும் கேள்வி எழுகின்றது. எம் இரத்தத்தின் கணக்கை மட்டும் முப்பது ஆண்டு எவரும் பாராது விடுவது முறையாகுமா?

மூன்றாவது, புகைத்தலை விடுதலும் விளையாட்டு மைதானத்தை விடாதிருத்தலும். புகையிலை நன்மை செய்யும் எச்.டி.எல்.லைக் குறைத்து நாடியின் சுவரையும் புண்படுத்துகின்றது. உடற்பயிற்சியோ எச்.டி.எல்.லைச் சற்று உயர்த்துகின்றது. மாணவப் பருவம் முடிந்து உத்தியோகம் கிடைத்தவுடன் பந்தை மூலையிலே போட்டுவிடுவது எமது வழக்கம். மணமாகி வயிறு சற்றுப் பருத்தால், வாழ்வு வந்துவிட்டது என்று ஊரார் மகிழ்கின்றனர். கொலஸ்திரோல் ஏறத் தொடங்குவதும் அந்த ஆண்டுகளிலேதான். உத்தியோகம் பெற்ற உறுப்பினர் வாரத்தில் மூன்று மாலையாயினும் மைதானத்துக்கு வருவாராயின், இளைய உறுப்பினரும் அவர்களோடு வளர்வர்.

பெரியோர்களே, கணக்கு நெடுங்காலமாக ஓடியிருந்தாலும் இன்று நிறுத்திப் பார்ப்பது வீணன்று. வட கரேலியாவின் நடுவயது ஆடவரே அதற்குச் சாட்சி. இளைஞர்களே, எங்கள் கணக்கு இப்போதுதான் திறக்கப்படுகின்றது. அதன் முதற் பக்கத்திலே எதை எழுதுவது என்பது இன்னும் எங்கள் கையிலே இருக்கின்றது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பர். இச்சங்கம் எழுத எண்ணும் சித்திரங்கள் பல. அவற்றை எழுதி முடிக்கும் வரை சுவர்கள் நிற்கவேண்டும்.